கடைக்குப் பிள்ளையோடு போகும்போது



 நோயாளிகளின் படுக்கையருகே நான் கற்றுக்கொண்டவைகளையே வழக்கமாக இந்தப் பக்கத்தில் எழுதிவருகிறேன். இம்முறை எழுதப்போவது மளிகைக் கடையைப் பற்றி. "சாப்ளின் ஐயாவுக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். இதுவும் ஒரு படுக்கையருகே கற்றுக்கொண்ட பாடம்தான்.

அன்று மாதத்தின் முதல் சனிக்கிழமை. எல்லாருக்கும் சம்பளம் வந்திருந்த நேரம். மாலை ஏழு மணி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் தாய் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வயதுப் பையனை டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஒரு சுயசேவைக் கடையில், சாமான் ஏற்றும் தள்ளுவண்டிக்குள் பையனை உட்காரவைத்திருக்கிறாள். அலமாரியிலிருந்து எண்ணெய் பாக்கெட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவன் எழுந்து நின்று, குனிந்து, தலைகுப்புறத் தரையில் விழுந்துவிட்டான். வெளியே பெரிய காயம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆட்டோவில் வரும்போதே இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான்.

தகப்பன் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டில் இருந்தார். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அவரோடு பேச வழியில்லை. அந்தத் தாய் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, ஒரே நிமிஷம்தான் திரும்பினேன்." அவள் கைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தாள். கேட்டபோது விரித்துக் காட்டினாள். கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த டோக்கன். அந்தப் பைக்குள்தான் வீட்டுச் சாவியும் இருந்தது. நம்முடைய காவலாளிதான் அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு போய்ப் பையை வாங்கிவந்தார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்ளே ரத்தக்கசிவு இல்லை. இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். காலையில் பையன் எழுந்ததும் பன் கேட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு வார்டில் இருந்த எல்லாரும் சிரித்தோம். தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி முடிவதில்லை என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். "ஒரே நிமிஷம்தான்" என்ற அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் நம்முடைய டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டறிந்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. கடைக்காரர் நின்ற இடம்

என் வயதுக்காரர்களுக்குப் பழைய மளிகைக் கடை நினைவிருக்கும். வாசலில் ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியும் சாமான்களும். இந்தப் பக்கம் நாமும் நம் பிள்ளைகளும். பட்டியலை வாசிப்போம், அவர் நிறுத்துக் கட்டித் தருவார். பிள்ளையின் கையில் கொஞ்சம் பொட்டுக்கடலையோ வெல்லமோ வைப்பார். பினாயிலும் எலி மருந்தும் சோடா உப்பும் பின்னால் உயரத்தில் இருக்கும். பிள்ளை கேட்டாலும் அவர் எடுத்துக் கொடுக்கமாட்டார்.

இன்று மணவாள நகரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் கடைகள் மாறிவிட்டன. பலகை இல்லை. நாமே உள்ளே போகிறோம், நாமே எடுக்கிறோம், கடைசியில் பில் போடுகிறோம். இது வசதியானதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு பொருளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கடைக்காரர் நின்றார். இன்று அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. அந்தக் காலி இடத்தில் நிற்கவேண்டியவர்கள் நாம். இந்தப் பாடத்தின் சாரம் அவ்வளவுதான். மற்றவையெல்லாம் எப்படி நிற்பது என்பதற்கான விளக்கம்.

2. புறப்படும் முன்பும் வழியிலும்

பிள்ளைக்குப் பசியில்லாத, தூக்கமில்லாத நேரத்தில் புறப்படுங்கள். கடையில் நடக்கும் பாதி அடமும் பாதி விபத்தும் பசியிலும் களைப்பிலும் வருபவை. மாத முதல் வாரச் சனி, ஞாயிறு மாலைகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போய்வாருங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி, அம்மை இருக்கும் பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகவேண்டாம். அது அந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல, மற்றவர்கள் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

நம் பகுதியில் கடைக்குப் போவதென்றால் பெரும்பாலும் இருசக்கர வாகனம்தான். திருவள்ளூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஓடுவதை நீங்கள் அறிவீர்கள். பெட்ரோல் டாங்கின்மேல் பிள்ளை, பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் சாமான் பை என்று போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மத்திய அரசு 2022 பிப்ரவரியில் ஒரு விதியை அறிவித்தது. 2023 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. அதன்படி நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார் போடவேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த நீங்கள் நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பிள்ளை தூங்குகிறது, இதோ வந்துவிடுகிறேன்" என்று காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் 20 நிமிடத்தில் ஏறக்குறைய 15 டிகிரி வெப்பம் கூடிவிடும். சன்னலைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய பலன் இல்லை. சிறுபிள்ளையின் உடம்பு பெரியவர்கள் உடம்பைவிட வெகு சீக்கிரம் சூடேறிவிடும்.

3. தள்ளுவண்டி பிள்ளைக்காக உண்டானதல்ல

1937-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி, மடக்கு நாற்காலியைப் பார்த்து அதே மாதிரியில் சட்டம் செய்து, இரண்டு கூடைகளை வைத்து, சக்கரம் பொருத்தினார். ஜனங்கள் கையில் தூக்கக்கூடியதைவிட அதிகமாக வாங்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். சாமானுக்காக உண்டான வண்டி அது. பிள்ளை உட்காரும் இடம் பிற்பாடுதான் சேர்ந்தது.

அந்த நாட்டில் இதைக் குறித்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 1990 முதல் 2011 வரை 22 ஆண்டுகளில் தள்ளுவண்டியினால் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் ஏறக்குறைய 5 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்று 2014-ல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 24,000 பேருக்கு மேல். பத்தில் ஏழு பேர் வண்டியிலிருந்து விழுந்தவர்கள். காயம்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்களுக்குத் தலையில் அடி. காரணம் எளிது. சிறுபிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். எழுந்து குனிந்தால் தலைதான் முதலில் தரைக்கு வரும். கடைத் தரையோ கல்.

ஆகையால் இவற்றை மனதில் வையுங்கள்:

- சாமான் போடும் கூடைக்குள் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். நிற்கவும் விடாதீர்கள்.
- பிள்ளைக்கென்று இருக்கை இருந்தால், தானாக நிமிர்ந்து உட்காரத் தெரிந்த பிள்ளையை மட்டும், வார் போட்டு உட்காரவையுங்கள். வார் அறுந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். இல்லையென்றால் உட்காரவைக்கவேண்டாம்.
- வண்டியின் பக்கத்திலும் முன்னாலும் பிள்ளை தொற்றிக்கொண்டு வரக்கூடாது. வண்டி அப்படியே சாய்ந்து பிள்ளையின்மேல் விழும்.
- அண்ணனோ அக்காளோ ஆன சிறுவர் வண்டியைத் தள்ள, அதில் தம்பி உட்கார்ந்திருப்பது வேண்டாம்.
- கைக்குழந்தையைத் துணியினால் மார்போடு கட்டிக்கொள்வதே நல்லது. நடக்கிற பிள்ளை நடக்கட்டும், ஒரு கையைப் பிடித்துக்கொண்டு.

சென்னைக்குப் பண்டிகைத் துணி எடுக்கப் போகிறவர்கள் நகரும் படிக்கட்டிலும் இதே ஜாக்கிரதையோடு இருக்கவேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது கையைப் பிடித்து நடுப்படியில் நிறுத்துங்கள். பாவாடை ஓரமும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் பக்கவாட்டு இடுக்கில் சிக்கும். மேலேயும் கீழேயும் சிவப்பு நிறத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்கும். ஏறும் முன்பே அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கையும் வாயும்

2020-ஐ நாம் மறக்கமாட்டோம். சென்னைக் கோயம்பேடு மொத்தச் சந்தையிலிருந்து கொரோனா தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரைக்கும் போனது. மே மாதத் தொடக்கத்தில் அந்தச் சந்தையை மூடி, சில நாளில் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை வைத்தார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அவசியமின்றி வெளியே வரவேண்டாம் என்று அரசாங்கம் சொன்னது. அந்த நாட்களில் கடை வாசலில் கை கழுவாமல் நாம் உள்ளே போகவில்லை. பிறகு வாளியும் குழாயும் போய்விட்டன, பழக்கமும் போய்விட்டது. கொரோனாவுக்கு முன்பும் பின்பும் நம் பிள்ளைகளை வார்டில் படுக்கவைக்கிற வயிற்றுப்போக்குக் கிருமிகள் மட்டும் எங்கும் போகவில்லை.

பல் முளைக்கிற பிள்ளை எதைக் கண்டாலும் வாயில் வைக்கும். தள்ளுவண்டியின் கைப்பிடி அதன் வாய்க்கு நேராக இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2011-ல் 85 வண்டிகளின் கைப்பிடிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 72 கைப்பிடிகளில் மலத்தோடு சம்பந்தப்பட்ட கிருமிகளின் அடையாளம் இருந்தது. நம் ஊர்க் கைப்பிடிகள் அதைவிடச் சுத்தமாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. நானும் இதில் குற்றவாளிதான். என் பேரன் ஒரு கைப்பிடியைச் சப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளியிருக்கிறேன்.

அதே நாட்டில் 2006-லும் 2007-லும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்லுகின்றன. பச்சை இறைச்சிக்கும் கோழிக்கும் பக்கத்தில் வண்டியில் உட்கார்ந்து வந்த குழந்தைகளுக்கு, சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் தொற்றும் வாய்ப்பு அதிகமாக இருந்ததாம். ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் செய்வது என்ன? கோழிக் கடையில் ஒரு கிலோ வாங்கி, அதே ஒயர் கூடையில் பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் போட்டு, அந்தக் கூடைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் பிள்ளையை நிறுத்திக்கொண்டு வருகிறோம்.

என்ன செய்யலாம்?

- கோழி, மீன், முட்டை இவற்றைக் கடைசியில் வாங்குங்கள். மூடியுள்ள தனிப் பாத்திரத்திலோ தனிப் பையிலோ போடுங்கள். பிள்ளையின் பக்கத்தில் வைக்காதீர்கள்.
- 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்கிய பிறகு பலர் துணிப்பைக்குத் திரும்பியிருக்கிறோம். நல்ல காரியம். ஆனால் இறைச்சிக்கு ஒரு பை, மற்ற சாமானுக்கு ஒரு பை என்று பிரித்து, இரண்டையும் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.
- வண்டியின் கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிள்ளையை உட்காரவையுங்கள். வீட்டிலிருந்து ஒரு சுத்தமான துணியைக் கொண்டுபோய்ச் சுற்றினால் இன்னும் நல்லது.
- பில் போடும் முன் எதையும் பிரித்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கை அழுக்கு, பிள்ளை ஓடுகிறது, வாயில் தின்பண்டம். மூன்றும் சேர்வது ஆபத்து.
- வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கை கழுவுவது. சோப்புப் போட்டு 20 விநாடி. நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் எல்லாம். தண்ணீர் இல்லாத இடத்தில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசர் உதவும். அதைப் பெரியவர்கள் ஊற்றித் தேய்த்துவிடவேண்டும். விழுங்கினால் அது விஷம்.

தொழிற்பேட்டைக் குடும்பங்களுக்கு விசேஷமாக ஒன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலைகளும், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்து வரும் தகப்பன் அதே யூனிபாரத்தோடு கடை வாசலில் பிள்ளையை வாங்கித் தூக்கிக்கொள்கிறார். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் சட்டையில் ஒட்டியிருக்கும் ஈயத்தூசி பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்துக்கு, இவ்வளவு வரைக்கும் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவரவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. குளித்து உடைமாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த யூனிபாரத்தைத் தனியாகத் துவையுங்கள்.

5. பிள்ளையின் கண் உயரத்தில் இருப்பவை

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு தடவை குந்தி உட்கார்ந்து அலமாரியைப் பாருங்கள். கீழ்த்தட்டில் பினாயில், கக்கூஸ் கழுவும் ஆசிட், அந்துருண்டை, எலிப் பசை. பிள்ளைக்கு அந்துருண்டை கற்கண்டு மாதிரி, ஆசிட் கலர் சோடா மாதிரி. வாங்கிய பிறகும் அவற்றைத் தின்பண்டத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். வீட்டில் உயரத்தில் வையுங்கள். காலி குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

பில் போடும் இடத்துக்கு அருகே தொங்குகிற சின்ன விளையாட்டுச் சாமான்களில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத பொம்மையைச் சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள். வேர்க்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், சின்னக் கப்பில் வரும் ஜெல்லி இவை ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியவை.

கடை வாசலில் விற்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரியவந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடைசெய்தது. அதற்கு முன்பு எத்தனையோ தடவை நானே என் பேரனுக்கு அதை வாங்கிக்கொடுத்திருக்கிறேன். அதே ஆண்டு ஏப்ரலில், கர்நாடகத்துத் தாவணகெரேயில் புகை வரும் பிஸ்கட்டைத் தின்ற ஒரு சிறுவன் துடித்த காட்சி பரவியபின், நம் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது. அந்தப் புகை திரவ நைட்ரஜனிலிருந்து வருவது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. பிள்ளைக்கு அது வேடிக்கை. வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் அது நெருப்பு.

6. ஏதாவது நேர்ந்துவிட்டால்

தலையில் அடிபட்டால்: நினைவு தப்பினாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலும், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலும், தேற்றமுடியாதபடி அழுதாலும், உடனே மருத்துவமனை. ஒரு வயதுக்குக் கீழான குழந்தையென்றால் அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்க்கவேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம்.

தொண்டை அடைத்தால்: சத்தமாக இருமுகிற பிள்ளையை இருமவிடுங்கள். இருமவும் அழவும் முடியாவிட்டால் தாமதிக்கக்கூடாது. ஒரு வயதுக்குக் கீழ் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. அதற்கு மேற்பட்ட பிள்ளையானால் முன்னால் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து தடவை அழுத்தவேண்டும். அடைத்தது வெளிவரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இதற்குள் வேறொருவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

பினாயிலோ ஆசிடோ குடித்துவிட்டால்: வாந்தி எடுக்கவைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். உப்புத் தண்ணீரும் வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். பட்டன் பேட்டரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், மலத்தில் வரும் என்று காத்திராமல் வந்துவிடுங்கள்.

பிள்ளை கூட்டத்தில் காணாமல்போனால்: முதலில் வாசலில் ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பா அம்மா பெயரையும், கொஞ்சம் வளர்ந்ததற்குப் போன் நம்பரையும் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். "என்னைக் காணவில்லையென்றால் பில் போடும் அக்காவிடம் போய் நில்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். தனியாக நிற்கும் பிள்ளையை நீங்கள் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

7. பட்டியல் ஒருவருக்கு, பிள்ளை ஒருவருக்கு

பிரியமானவர்களே, இவ்வளவு எழுதிய பிறகும் அந்தத் தாயின் முகம் என் முன்னால் நிற்கிறது. அவளிடம் இந்தப் பட்டியலையெல்லாம் வாசித்தால் என்ன சொல்லுவாள்? "எல்லாம் சரி ஐயா, எனக்கு இருப்பது இரண்டு கைதானே" என்பாள். அது நியாயம். ஒரு கண்ணால் விலையையும் மறு கண்ணால் பிள்ளையையும் பார்க்க ஒருவராலும் முடியாது. ஆகையால் எல்லாவற்றுக்கும் மேலான ஒரே விதி இதுதான்: பட்டியல் ஒருவருக்கு, பிள்ளை ஒருவருக்கு. கணவனும் மனைவியும் போனால், "இன்றைக்குப் பிள்ளை யார் பொறுப்பு?" என்று வாசலிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இருவரும் பார்க்கிறார்கள் என்றால் பல நேரம் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது ஆள் இல்லாதவர்கள்? அங்கேதான் நம்முடைய பங்கு இருக்கிறது. மணவாள நகரின் வாடகைப் போர்ஷன்களில் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டியும் அத்தையும் நானூறு மைலுக்கும் ஆயிரம் மைலுக்கும் அப்பால். பிள்ளையை விட்டுப்போக ஒரு வீடு இல்லாததனால்தான் அந்தத் தாய் பிள்ளையை வண்டியில் ஏற்றினாள். அந்த ஒரு நிமிஷம் அவளுடைய அஜாக்கிரதையினால் மட்டும் வந்ததல்ல. பக்கத்தில் இருந்தும் அவளை அறியாதிருந்த நம்மாலும் வந்தது.

இதை எங்கள் சிற்றாலயத்தில் ஒரு ஞாயிறு சொன்னேன். ஆராதனை முடிந்ததும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, "அந்தப் பெண் எந்தத் தெரு ஐயா?" என்று கேட்டார். விசாரித்துப் பார்த்ததில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை பையன் அவருடைய வீட்டுத் திண்ணையில் விளையாடுகிறான். தாய் ஒரு மணி நேரத்தில் சாமான் வாங்கி வந்துவிடுகிறாள். முதல் இரண்டு தடவை அவளும் கூடவே உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் பிள்ளையை விட்டுப்போனாள். அதுவும் சரியான ஞானமே. நன்றாக அறியாத கையில் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது. ஆகையால் அறிமுகமாவதுதான் முதல் படி.

நீங்கள் அனுப்பும் காணிக்கையினால் பல பிள்ளைகளுடைய காயம் கட்டப்படுகிறது. அதற்காக நன்றி சொல்லுகிறேன். இம்முறை நான் கேட்பது பணம் அல்ல. உங்கள் தெருவில் கைப்பிள்ளையோடு தனியாக இருக்கும் ஒரு தாயைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதத்தில் ஒரு மணி நேரம் அவளுக்கு இரண்டாவது ஆளாக இருங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால், கடைக்குக் கூடப் போய்ப் பட்டியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். காயம் கட்டுவது ஊழியம். காயம் வராமல் காப்பதும் ஊழியமே.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. கடைசியாகக் கடைக்குப் போனபோது நம் பிள்ளை யார் பொறுப்பில் இருந்தது? அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோமா?
2. நம் வீட்டில் பினாயிலும் ஆசிடும் எந்த உயரத்தில் இருக்கின்றன? இன்றைக்கே எதை மாற்றலாம்?
3. நம் தெருவில் இரண்டாவது ஆள் இல்லாத தாய் யார்? அவளுடைய பெயர் நமக்குத் தெரியுமா?

உங்கள் அன்பின் ஊழியன்,
மருத்துவமனை சாப்ளின்